மெதுவா ஏறுங்க, வண்டி நிக்கும்

அந்தப் பேருந்து நிலையத்தில் அவள் முகத்தைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைத் தெரியாதவர்கள் யாருமே கிடையாது. டிக்கெட் கவுண்டருக்கு மேலே, இரும்புப் படியேறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு மேசை, வளைந்த கழுத்துள்ள ஒரு மைக், பழைய பஸ் சீட்டிலிருந்து பிய்த்த மெத்தை போட்ட ஒரு முக்காலி. எந்த வண்டி எந்த மேடையிலிருந்து புறப்படும் என்று அங்கே உட்கார்ந்து நாள் முழுக்கச் சொல்வதுதான் அவள் வேலை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிறவரைத் தவிர யாருக்கும் அது ஞாபகமில்லை. டிரைவர், கண்டக்டர், பழக்கடைக்காரி எல்லாருக்கும் அவள் மைக்கக்கா.

அறிவிப்புக்கென்று அலுவலகம் எழுதிக் கொடுத்த வாசகம் உண்டு. வண்டி எண், ஊர், மேடை, நேரம், அவ்வளவுதான். மைக்கக்கா அதோடு விடுவாளா? ஒவ்வொரு அறிவிப்பின் வாலிலும் சொந்தச் சரக்கு ஒன்றை ஒட்டிவிடுவாள்: "மெதுவா ஏறுங்க, வண்டி நிக்கும்."

டைம்கீப்பருக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கீழே கொடிக்கம்பம் மாதிரி நின்றுகொண்டு வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடுகிற மனிதர் அவர். சிரிப்பதற்கும் கால அட்டவணை வைத்திருப்பார் என்று கண்டக்டர்கள் சொல்வார்கள்.

"ஏம்மா, வண்டி நிக்கும்னு சொல்ல நீ யாரு? நேரமானா கிளம்பும். அதுக்குத்தான் நான் விசில் வச்சிருக்கேன்."

"நான் சொன்னா நிக்கும் சார்."

நின்றதே, அதுதான் வேடிக்கை. அவள் குரலில் என்ன இருந்ததோ, விசில் ஊதிய பிறகும் டிரைவர்கள் கியரில் கை வைத்தபடி ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். மூட்டுவலிக்காரர் ஒருவர் கம்பியைப் பிடித்து ஏறிவிடுவார். கைக்குழந்தைக்காரி மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்துவிடுவாள். டைம்கீப்பர் பல்லைக் கடிப்பார்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது, மைக்கின் சுவிட்ச். அதை அணைக்காவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அறைக்குள் பேசுவதெல்லாம் ஊருக்கே கேட்கும். முன்பு அந்த முக்காலியில் இருந்தவர் அப்படித்தான் ஒருநாள் மறந்துபோய், மேலதிகாரியின் வழுக்கையைப் பற்றி விலாவாரியாகப் பேசிவிட்டார். மறுநாளே அவரை எங்கோ தூக்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து டைம்கீப்பர் கீழே நின்றுகொண்டே விரலால் காற்றில் சுவிட்சை அழுத்திக் காட்டுவார். "தெரியும் சார், தெரியும்" என்று மைக்கக்கா கண்ணாடிக்குள்ளிருந்து கையை ஆட்டுவாள்.

அவள் கணவருக்குச் சாலைக்கு எதிர்ப்புறம் டயர்க்கடை. பஞ்சர் போடுவது, காற்றடிப்பது. அதனால் அவர் காத்துக்காரர். நிலையத்து ஒலிபெருக்கிகளில் ஒன்று அவர் கடையை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். "மத்தவனெல்லாம் வீட்ட விட்டு வந்தா பொண்டாட்டி குரல்லேருந்து தப்பிச்சான். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். சொல்லும்போது முகத்தில் வழிகிற பெருமையைப் பார்க்க வேண்டும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டிதான் ஒருநாள் நின்றது.

எந்த நாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சாவு விழவில்லை, சண்டை இல்லை. மகள் வேறு ஊரில் நல்ல வேலையில் இருந்தாள், வாரம் தவறாமல் போன் செய்தாள். அழுவதற்கு ஒரு காரணம் இருந்திருந்தால் அழுது தொலைத்திருப்பாள். காரணமே இல்லாமல் காலையில் கண் விழித்ததும் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதுவும் விடிவதற்கு வெகு முன்னாலேயே விழிப்பு வந்துவிடும். சாப்பாடு வாயில் காகிதமாய்ப் புரளும். முதுகு வலித்தது, தோள் வலித்தது, இன்ன இடம் என்று சொல்ல முடியாமல் எல்லா இடமும் வலித்தது. சீப்பை எடுத்துத் தலைவாருவதே பெரிய வேலையாகத் தோன்றியது.

குரலும் போயிற்று. கட்டிப்போகவில்லை, கரகரக்கவில்லை. சொற்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன, ஆனால் கேட்கிறவர் தலைநிமிரவில்லை. மேடையில் நிற்கிறவர்கள், அக்கா வண்டியின் பெயரைச் சொன்ன பிறகும் பக்கத்தில் இருப்பவரிடம் "இது எங்க போகுது?" என்று கேட்டார்கள்.

"என்னக்கா, சுரத்தே இல்லாம இருக்கீங்க?" என்றாள் பழக்கடைக்காரி.

"தொண்டை சரியில்ல" என்றாள் மைக்கக்கா. அவளும் அப்படித்தான் நம்பினாள். குரலை வைத்துப் பிழைக்கிறவளுக்கு எது கெட்டாலும் முதலில் தொண்டைதானே நினைவுக்கு வரும்.

காத்துக்காரர் அவளைத் தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சின்னப் பிள்ளையுடையது மாதிரி இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அடுத்து முதுகுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர். எல்லாரும் எதையாவது தட்டிப் பார்த்து, படமெடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள்.

"உன்ன பாகம் பாகமா கழட்டி ஆளுக்கு ஒண்ணு குடுத்தாச்சு. முழு வண்டிய யாராவது பாத்தா தேவல" என்றார் காத்துக்காரர். எந்த மொக்கை ஜோக்குக்கும் பதிலடி கொடுக்கிறவள், அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. அவளுக்குச் சர்க்கரை நோய் சில வருஷமாகவே உண்டு, மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. அது இப்போது கட்டுக்கடங்காமல் ஏறியது. சர்க்கரை டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், அதற்கும் மேலே ஏறியது. போதாததற்குச் செருப்புக் கடித்த கால்விரலில் ஒரு புண். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் ஆறிப்போகிற சின்னக் கீறல், அவளுக்கு ஆறாமல் நிறம் மாறிக்கொண்டு வந்தது. சர்க்கரை இறங்காவிட்டால் விரலைக் காப்பாற்றுவது சிரமம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். காத்துக்காரர் வெலவெலத்துப் போனார். மைக்கக்கா, யாரோ பக்கத்து வீட்டுக்காரியின் விரலைப் பற்றிய செய்தியைக் கேட்பது போல உட்கார்ந்திருந்தாள்.

இதற்கு நடுவே அவள் ஒன்றை நிறுத்திவிட்டிருந்தாள். வண்டி எண், ஊர், மேடை, நேரம். அதற்குப் பிறகு மௌனம். டைம்கீப்பர் பல வருஷமாகக் கேட்டது நடந்துவிட்டது. அவர் குதூகலித்திருக்க வேண்டும். முதல் நாள் "அப்பாடா" என்றும் நினைத்தார். பிறகு பார்த்தால், ஒவ்வொரு அறிவிப்பு முடிந்ததும் மனிதர் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு எதற்கோ காத்து நின்றார். வண்டிகள் கச்சிதமாகக் கிளம்பின. அவருக்குத்தான் நிலைகொள்ளவில்லை.

ஒருநாள் பிற்பகல், இரண்டு டம்ளர் டீயோடு அவரே இரும்புப் படியேறினார். இது நடக்கிற காரியமா? அவர் யாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அப்போதுதான் ஓர் அறிவிப்பை முடித்திருந்த மைக்கக்கா அவரைக் கண்டு திகைத்து எழுந்தாள். அந்தத் திகைப்பில் கை சுவிட்சுக்குப் போகவில்லை.

"உக்காரும்மா. டீ குடி."

"வேண்டாம் சார்."

"ஏம்மா, இப்பல்லாம் அதச் சொல்றதே இல்லையே நீ."

"எத சார்?"

"அதான். வண்டி நிக்கும்னு."

"நீங்கதானே சொல்லாதன்னீங்க."

"நான் சொல்லி நீ எப்ப கேட்ட?"

அவள் டீ டம்ளரை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். பிறகு அவள் சொன்னாள், அந்தச் சுரத்தில்லாத குரலிலேயே, அடுத்த வண்டியை அறிவிப்பது போல.

"அது பொய்னு தோணுது சார். எந்த வண்டியும் யாருக்காகவும் நிக்காது. தொண்டைல ஒண்ணும் இல்லையாம். வயித்துல ஒண்ணும் இல்லையாம். அப்ப நான்தான் ஒண்ணுமில்லாம போயிட்டேன் போலிருக்கு. மாத்திரையே போடறதில்ல சார். தண்ணி எடுத்து, வாயில போட்டு முழுங்கறதுக்குக்கூடத் தெம்பு இல்ல. போட்டு என்ன ஆகப்போகுது? வீட்டுல கேட்டா போட்டுட்டேன்னு சொல்லிடுவேன். பாவம், அவரும் நம்பிடுவாரு."

டைம்கீப்பர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் பாய்ந்து அணைத்தார். என்ன பிரயோஜனம்? கண்ணாடிக்கு வெளியே மொத்த நிலையமும் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பழக்கடைக்காரி எடைக்கல்லைக் கையில் பிடித்தபடியே நின்றாள். சாலைக்கு அந்தப் பக்கம் காத்துக்காரர் ஒரு டயரில் குழாயைச் சொருகிவிட்டு ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருக்க, "யோவ், டயர் வெடிச்சுடப் போகுதுய்யா" என்று வண்டிக்காரன் குழாயைப் பிடுங்கினான்.

அவள் படியிறங்கி, நிலையத்தின் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள். இனி அந்தத் திசையில் தலைவைத்தும் படுப்பதில்லை என்று போகிற வழியிலேயே தீர்மானித்துவிட்டாள். மானம் போயிற்று, வேலையும் போகட்டும்.

காத்துக்காரர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தபோது, அவள் விளக்குப் போடாத சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"கேட்டுச்சு" என்றார்.

"ஊருக்கே கேட்டுச்சு."

"ஊர விடு. நாள் பூரா உன் குரலக் கேட்டுட்டு எதிர்லயே உக்காந்திருக்கேன். எனக்கு இப்பத்தான் கேட்டுச்சு." பெரிய பெரிய லாரி டயர்களைத் தோள் கொடுத்து உருட்டுகிற மனிதர், முகத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டார். "மாத்திரை போடலன்னு எனக்குக் கோவம் இல்ல. பயமா இருக்கு. அவ்வளவுதான்."

அப்போது வாசலில் யாரோ செருமினார்கள். பொறுமை என்ற பட்டப்பெயருள்ள டிரைவர். ஹாரனே அடிக்காதவன் என்பதால் வந்த பெயர். முன்னால் எருமை படுத்திருந்தாலும் அது தானாக எழுந்து போகட்டும் என்று காத்திருப்பான். போன வருஷம் முதுகுவலி என்று பல மாதம் லீவில் இருந்துவிட்டுத் திரும்பியவன்.

"உள்ள வரலாமாக்கா?"

மைக்கக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவன் வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

"எனக்குப் போன வருஷம் முதுகுவலி இருந்துச்சுல்ல?"

"ஆமா, தம்பி."

"அந்த முதுகுவலிக்கு நான் போனது முதுகு டாக்டர்கிட்ட இல்லக்கா. மனசு டாக்டர்கிட்ட."

காத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"முதுகும் வலிச்சது, பொய் இல்ல. ஸ்டியரிங்கப் பிடிச்சா கை நடுங்கும். தூக்கம் கிடையாது, பிரஷர் ஏறிப்போச்சு. உள்ள என்னமோ ஆயிடுச்சுன்னு டிப்போல சொல்லியிருந்தா பைத்தியம்னு பட்டம் கட்டியிருப்பாங்க. அதான் முதுகுன்னு சொல்லிட்டேன். நீங்க இன்னிக்கு மைக்ல சொன்னதத்தான் நான் அன்னிக்கு என் வண்டில ஒத்தையா உக்காந்து சொல்லிட்டிருந்தேன். எனக்குத்தான் மைக் இல்ல."

மைக்கக்கா முதல்முறையாகத் தலைதூக்கினாள். "இப்ப?"

"இப்ப முதுகு பரவால்லக்கா" என்று அவன் சிரித்தான்.

மறுநாள் மூவருமாகப் போனார்கள். முதலில் சர்க்கரை டாக்டர். மாத்திரை போடாத கதையைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"காலைல எழுந்திருக்கும்போது எப்படிம்மா இருக்கும்?"

"எழுந்திருக்காமலே போயிட்டா தேவலைன்னு இருக்கும்."

"உங்க உயிர நீங்களே எடுத்துக்கணும்னு தோணியிருக்கா?"

இப்படி நேருக்கு நேராக யாரும் கேட்டதில்லை. "அந்த அளவுக்கு இல்ல டாக்டர். இருக்கப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்றாள் அவள். சொன்னதும் தோள் கொஞ்சம் இறங்கியது.

"அப்படித் தோணினா அந்த நிமிஷமே இவர்கிட்ட சொல்லணும், எனக்குப் போன் பண்ணணும். சரியா? இதுக்கு மனச்சோர்வுன்னு பேரு."

"சோர்வுக்கெல்லாம் டாக்டரா? படுத்து எழுந்தா போயிடாதா?"

"போகலையே. பேருதான் சோர்வு, இது நோய். தூக்கத்தக் கெடுக்கும், பசியக் கெடுக்கும், வலிய இழுத்துட்டு வரும். சர்க்கரையும் இதுவும் கூட்டுக் களவாணிங்க. ஒண்ணு ஏறினா இன்னொண்ணும் ஏறும். மாத்திரை போட மனசு வராததும் இதோட வேலைதான். உங்க குணம் இல்ல. நானும் சர்க்கரைய மட்டுமே பாத்துட்டிருந்தேன், முதல்லயே கேட்டிருக்கணும்." தைராய்டிலும் இப்படி வரலாம் என்று ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார். அதில் குறை இல்லை என்று தெரிந்ததும், பொறுமையின் மனசு டாக்டரிடமே அவளை அனுப்பிவைத்தார்.

மனசு டாக்டர் மாத்திரை கொடுத்தார், வாரம் ஒருமுறை பேச வரச் சொன்னார், புண் ஆறிய பிறகு தினமும் நடக்கச் சொன்னார், அதுவரை நாற்காலியிலேயே கைகால் அசைக்கச் சொன்னார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். அந்தச் சில வாரம்தான் சோதனை. மனசில் ஒரு மாற்றமும் இல்லை, வாய் மட்டும் வறண்டுபோயிற்று. மைக்கில் பேசிப் பிழைக்கிறவளுக்கு வாய் வறட்சி. நல்ல வைத்தியம்தான் போ, என்று அலுத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை. காத்துக்காரர் காலையும் மாலையும் தண்ணீர் டம்ளரோடு வந்து நிற்பார். எல்லா மாத்திரையும் அவள் விழுங்கும்வரை நகரமாட்டார். அறிவுரை சொல்லமாட்டார். காற்று சரியாக இருக்கிறதா என்று டயரை அழுத்திப் பார்ப்பது போல அவள் தோளை ஒருதரம் அழுத்திவிட்டுப் போவார்.

நிலையத்தில் அவள் இடத்தில் பதிவு செய்த குரல் ஓடியது. தேன் ஒழுகும் குரல், எந்த ஊர்ப் பெயரையும் சரியாகச் சொல்லத் தெரியாத குரல். அதை நிரந்தரமாக்க அலுவலகம் யோசிக்கிறது என்று பொறுமை வந்து சொன்னான். "ஆக்கிக்கட்டும்" என்றாள் அவள். அப்போதும் ஒட்டுதல் இல்லாமல்தான் சொன்னாள்.

பிறகு ஒரு காலை, காத்துக்காரர் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க இது, கழுநீர் மாதிரி இருக்கு? இத்தன நாளா இதத்தான் குடுத்தீங்களா?"

அவர் டம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "ஆமா, இதேதான் குடுத்தேன்" என்றார். "நீதான் ஒண்ணும் சொல்லாம குடிச்ச." அன்று கடைக்கு வந்த எல்லாரிடமும், என் பொண்டாட்டி என்னைத் திட்டிவிட்டாள் என்று லாட்டரி விழுந்தவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எல்லாம் ஒரே ஏற்றமாக இருக்கவில்லை. இரண்டு நாள் நன்றாக இருப்பாள், மூன்றாம் நாள் போர்வைக்குள் போய்விடுவாள். ஆனாலும் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாய் விடியும்வரை நீண்டது. சர்க்கரை இறங்கத் தொடங்கியது. டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உங்களிடமே இருக்கட்டும் என்றார். முதுகுவலி எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது.

அலுவலகம் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தது; இனி போவதில்லை என்ற அவள் தீர்மானமும் தளர்ந்திருந்தது. வேலைக்குத் திரும்பும் நாளும் வந்தது. தலைவாரி, புண் ஆறிய காலில் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனாள். நிலையத்தின் வாசல்வரை நடை நன்றாகத்தான் இருந்தது. இரும்புப் படியின் கீழே வந்து நின்றதும் கால் மறுத்துவிட்டது. அவள் நெஞ்சைத் திறந்து காட்டியதைக் கேட்டவர்கள்தான் இங்கே எல்லாரும். பழக்கடைக்காரிக்குத் தெரியும், கண்டக்டர்களுக்குத் தெரியும். இவர்கள் காதில் இனி எப்படிப் பேசுவது? அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி நின்றாள். திரும்பிவிடலாம் என்று ஒரு காலை எடுத்தும் விட்டாள்.

மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. தேன் குரல் பாதியில் நின்றது. யாரோ இருமினார்கள். பிறகு, விசில் ஊதியே பழகிப்போன ஒரு தொண்டை, விறைப்பாக, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்துச் சொன்னது:

"மெதுவா... ஏறுங்க. வண்டி நிக்கும்."

அதற்கு முன்னால் வண்டி எண்ணும் இல்லை, ஊரும் இல்லை. மேடையில் பொறுமை தன் வண்டியின் இன்ஜினை அணைத்தான். பக்கத்து வண்டிக்காரனும் அணைத்தான். மைக்கக்காவுக்கு அழுகை வந்தது. இத்தனை மாதத்தில் காரணத்தோடு வந்த முதல் அழுகை. கண்ணைத் துடைக்காமலே ஒவ்வொரு படியாக, மெதுவாகவே, ஏறிப்போனாள்.

கண்ணாடி அறையில் டைம்கீப்பர் முக்காலியிலிருந்து தடுமாறி எழுந்தார். முகம் கன்றிப்போயிருந்தது. திட்டு வாங்கப்போகிறவர் மாதிரி விசிலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டீ சொல்லவாம்மா?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு.

"முதல்ல மைக்க அணைங்க சார்" என்றாள். "ஊருக்கே கேக்குது."

கீழே நிலையம் முழுக்கச் சிரித்தது. எதிர்க்கடையிலிருந்து கேட்ட சிரிப்பு மட்டும் நிற்க ரொம்ப நேரமாயிற்று.